பேனரில் புயலை எதிர்த்து நிற்கும் என் கொழுந்தனார்

இன்னைக்கு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுல என் கொழுந்தனாரோட அறுபதாம் கல்யாண பேனரைப் பார்த்தேன். புயல் கடலுக்கு முன்னாடி வீரமா நிக்கிறாரு.

மாமல்லபுரத்துக்கு டூர் போன அன்னைக்கு அப்படி நின்னு போட்டோ எடுத்துக்கினது, செத்துப்போன என் வூட்டுக்காரரு. இவரு பஸ்ஸுல வாந்தி எடுத்துக்கினு கெடந்தாரு.

ஃபிரேம் போட்டுத் தரேன்னு அந்த போட்டோவை என்கிட்ட வாங்கிக்கினு போய், ஸ்டுடியோவுல மேகத்தைக் கறுப்பாக்கி, அண்ணன் தலையை வெட்டிட்டு தன் தலையை ஒட்டிக்கினாரு.

கொழுந்தனாரு பேனருக்குக் கீழேயே நின்னாரு.

"இன்னா அண்ணி, எப்படி கீது?"

"நல்லாத்தான் கீது. அரிவாள் பட்டு சுண்டுவிரல் போனது உங்க அண்ணனுக்குத்தானே? பேனர்ல உங்களுக்கும் இல்லியே?"

கையைத் துண்டுக்குள்ளே மறைச்சிக்கினு டீக்கடைப் பக்கம் போயிட்டாரு.

என்கிட்ட இருந்த வூட்டுக்காரரோட ஒரே போட்டோ அது. அதுவும் ஸ்டுடியோவுல தொலைஞ்சிபோச்சாம்.

கம்ப்யூட்டர்ல வெட்டின தலை எந்தக் குப்பைக்கூடைக்குப் போவும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க, நானே போய்ப் பொறுக்கிக்கினு வரேன்.