நான் எழுதாமல் விட்ட வாக்கியம்

நீல நிற காலிகோ துணி அட்டை போட்ட அந்த ஆய்வேட்டின் மூன்றாவது பிரதி என்னிடம் இருக்கிறது. கார்பன் தாளில் விழுந்த பிரதி என்பதால் எழுத்துகள் மங்கிவிட்டன. அறுபத்து மூன்று பக்கங்களில் ஒரு பிழை கிடையாது, ஓர் இடத்தில்கூட அழித்து அடித்த தடம் இல்லை. உளவியல் இளங்கலைப் பட்டத்துக்காக நான் எழுதியது. யாரைப் பற்றி எழுதினேனோ அவரே தட்டச்சு செய்தது.

அவர் என் சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை. அவருடைய கணவர் திருவண்ணாமலையில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தார். ஒரு நாள் காலையில் பள்ளிக்குப் புறப்பட்டவர் பள்ளிக்குப் போகவில்லை. பத்து நாள் தேடிய பிறகு, கிரிவலப் பாதையில் நிருதி லிங்கத்தைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில், சாமியார்களோடு காவி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகத் தகவல் வந்தது. மற்ற ஊர்களில் துறவு பூணுகிறவர்கள் காசிக்குப் போவார்கள். எங்கள் ஊருக்கோ எங்கெங்கிருந்தோ சாமியாராக வந்து சேர்வார்கள். சித்தப்பாவுக்கு வேறு ஊர் தேவைப்படவில்லை, வீட்டிலிருந்து மூன்று மைல் நடந்தது போதுமாக இருந்தது. சொந்தக்காரர்கள் போய்க் கெஞ்சினார்கள், திட்டினார்கள். அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாராம்.

சித்திக்கு அப்போது இருபத்தேழு வயது, குழந்தை இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்படி அப்பா கூப்பிட்டதற்கு வரவில்லை. தட்டச்சுப் பயிற்சிக்குப் போனார். ஹையர் தேர்வில் பாஸ் செய்து, ஒரு வக்கீலின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விடியற்காலையில் தனியாக மலை சுற்றினார். புளியமரத்தருகே வரும்போது நடை சற்றுத் தளரும். பேச மாட்டார், நிற்கவும் மாட்டார். ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார். புருஷன் திரும்பி வரவேண்டும் என்று வேண்டுதல் என்றது ஊர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் சென்னையில் உளவியல் மூன்றாமாண்டு படித்தேன். ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதி, வெள்ளிக்கிழமைகளில் பல்கலைக்கழகத்தில் நடக்கும் கருத்தரங்கில் வாசிக்க வேண்டும். நகரத்துப் பெண்கள் தேர்வு பயம், விடுதி மாணவிகளின் தூக்கம் என்று தலைப்பு எடுத்தார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் மடமடவென்று பேசுவார்கள். வாக்கியத்தை மனசுக்குள் கட்டி முடித்துவிட்டுத்தான் நான் வாயைத் திறக்க முடியும், அதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். என்னிடம் மட்டும் இருக்கிற ஒன்றைக் கொண்டுபோய் அந்தக் கருத்தரங்கு மேஜையில் வைக்க வேண்டும் என்ற வெறி எனக்கு இருந்தது. இழப்பை ஏற்க மறுக்கும் மனம் பற்றி ஒரு பெண்ணை வைத்து எழுதப்போகிறேன் என்றேன். கருத்தரங்கை நடத்திய பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் என்னை முதன்முறையாகப் பார்த்தது அன்றுதான் என்று தோன்றியது.

தசரா விடுமுறையில் ஊருக்கு வந்து, சித்தியோடு நானும் மலை சுற்றினேன். எதற்கு என்று சொல்லவில்லை. கூட நடக்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவர் பேசிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதினேன். மூன்றாவது ஞாயிறு, மலை சுற்றும் வழியில் அடி அண்ணாமலை என்ற கிராமத்தருகே செருப்பில்லாத காலிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டே அவர் சொன்னார்:

"அவரு வரணும்னு நான் சுத்தறேன்னு ஊரே சொல்லுது. நீயும் அப்டித்தான் நெனச்சினு இருக்கியா?"

"இல்லயா சித்தி?"

"அங்கியே இருக்காரான்னு பாக்கத்தான் வரேன். இருக்காருன்னு தெரிஞ்சுதுன்னா ஒரு வாரத்துக்கு நிம்மதி. எங்க எழுந்து வூட்டுக்கு வந்துடப் போறாரோன்னு எனக்கு பயம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு வேறு ஏதோ பேச ஆரம்பித்துவிட்டார். வக்கீல் ஆபீஸில் புது மிஷின் வந்திருப்பதைப் பற்றி என்று நினைவு.

அன்றும் நோட்டில் அதை எழுதினேன். ஆனால் ஆய்வேட்டில் எழுதவில்லை. எழுதினால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சரிந்துவிடும். பாடப் புத்தகத்தில் படித்த கோட்பாடு சித்திக்கு அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி பொருந்தியிருந்தது, அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர. மனம் தன்னைக் காத்துக்கொள்ளத் தனக்கே சொல்லும் பொய் அது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அவருக்கு 'திருமதி எஸ்.' என்று பெயர் வைத்து, நாற்பத்தோராம் பக்கத்தில், "கணவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கையே இவரை வாரந்தோறும் நடக்க வைக்கிறது" என்று ஆங்கிலத்தில் எழுதிவைத்தேன்.

பொங்கல் விடுமுறையில் அதைத் தட்டச்சு செய்யக் கொடுக்க வேண்டியிருந்தது. சித்தியிடம் கொடுக்க முடியாது. தேரடி வீதியில் ஒரு தட்டச்சு நிலையத்தில் கொடுத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் வாங்கிக்கொள்ளச் சொன்னார் உரிமையாளர். "இங்கிலீஷ் வேகமா அடிக்கறவங்க ஒருத்தங்கதாம்மா இருக்காங்க. அவங்க கை பட்டா அச்சு மாதிரி இருக்கும்," என்றார். அந்த ஒருத்தர் யார் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை உள்ளே நுழைந்தபோது சித்தி ஜன்னலோரத்து மிஷினில் உட்கார்ந்திருந்தார். அலுவலக வேலை முடிந்து சாயங்காலங்களில் அங்கே வருவதை எங்கள் யாரிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை.

"வா. இன்னும் அரப் பக்கம்தான் பாக்கி," என்று சொல்லிவிட்டு அடித்துக்கொண்டே இருந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். விரல்கள் ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. கடைசித் தாளை உருவி, கார்பனைப் பிரித்து, மூன்று பிரதிகளையும் மேஜையில் தட்டி ஒழுங்கு செய்தார்.

"அவரு போயி எட்டு வருஷம்னு போட்டிருந்த. ஒம்போது. மாத்திட்டேன்."

நான் பிரதிகளை எடுக்கக் கை நீட்டினேன்.

"நான் சொன்னதுல ஒண்ணு உட்டுட்டியே," என்றார். குரலில் கோபம் இல்லை.

"அது... ஆராய்ச்சிக்குப் பொருந்தல சித்தி."

அவர் ஒரு புதுத் தாளை எடுத்து மிஷினில் செருகினார். "வேணும்னா சொல்லு. நாப்பத்தோராம் பக்கத்த மட்டும் திருப்பி அடிச்சுத் தரேன். அர மணி ஆவாது."

"பஸ்ஸுக்கு நேரமாயிடும்," என்றேன்.

பஸ் மறுநாள் காலையில்தான்.

கருத்தரங்கில் நான் வாசித்து முடித்தேன். நகரத்துப் பெண்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தான் ஏன் போகிறேன் என்று அந்தப் பெண்மணி தன் வாயால் என்ன சொன்னார்?" "அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, ஐயா," என்றேன். அவர் தலையசைத்து ஏதோ குறித்துக்கொண்டார். அந்த ஆண்டின் சிறந்த ஆய்வேடு என்று என்னுடையதைச் சொன்னார்கள். மனசுக்குள் கட்டிப் பார்க்காமல் நான் ஆங்கிலத்தில் சட்டென்று சொன்ன முதல் வாக்கியம் அந்தப் பொய்தான்.

இரண்டு மாதம் கழித்து அம்மாவின் கடிதத்தில் ஒரு வரி இருந்தது: சித்தி இப்போதெல்லாம் மலை சுற்றப் போவதில்லை, கால் வலி என்கிறாள். அவருக்குக் கால் வலி எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு காலை, யாருக்கும் விளக்கம் சொல்லாமல் அவர் தனக்கென்று வைத்திருந்த ஒன்றை அறுபத்து மூன்று பக்கத்துக்கு நான் விரித்துக் காட்டிவிட்டேன். அதையும் தப்பாகக் காட்டினேன். அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் சித்தி அன்பாகத்தான் இருந்தார். தோசை வார்த்துப் போடுவார், வேலை எப்படி என்று கேட்பார். தன்னைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

எண்பதுகளின் நடுவில் சித்தப்பா காய்ச்சலில் இறந்துபோனார். கூட இருந்த சாமியார்கள் அவரை அடக்கம் செய்த மூன்றாம் நாள்தான் சித்திக்குச் செய்தி வந்தது. ஞாயிறுதோறும் அவர் போய்க்கொண்டிருந்திருந்தால், காய்ச்சல் கண்டதையாவது பார்த்திருப்பார். பார்த்து என்ன செய்திருப்பார்? ஒரு காலத்தில் எல்லாம் தெரிந்தவள் மாதிரி எழுதினேன். இதற்கு மட்டும் விடை எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் அப்போது சென்னையில் ஒரு மருத்துவமனையில் மனநல ஆலோசகராக இருந்தேன். செய்தி கேட்டுக் கிளம்பி வந்தேன். சித்தி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அழுத முகமாகவும் இல்லை, அழாத முகமாகவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு புடவையை எடுத்து மடித்தேன். அதை அடுக்கில் வைத்துவிட்டு, "சித்தி, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றேன்.

மடித்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "எழுதறதுக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சித்தி. சத்தியமா இல்ல."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ கேளு," என்றார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வாயெடுத்தேன். வந்தது வேறு: "சாப்டீங்களா?" சித்தி மெல்லச் சிரித்துவிட்டு, அடுத்த துணியை எடுத்தார்.

சித்தி இறந்துபோய்ச் சில வருடங்கள் ஆகின்றன. எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்தவள் இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை அந்த வாக்கியத்தை மட்டும் விடவில்லை.