நாலாவது கை

எங்கள் வீட்டில் ஈரல் வறுவல் வருஷத்துக்கு ஒருமுறைதான். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள், நிலக்கரிச் சுரங்கத்தில் மாமாவோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற இருவர் கள்ளக்குறிச்சிக்கு வருவார்கள். வெள்ளிமலைக்காரர் சாமை மூட்டையோடு இறங்குவார், மூங்கில்துறைப்பட்டுக்காரர் கரும்புக் கட்டோடு.

கரியைச் சுமந்து ஓடும் பெல்ட்டின் இரைச்சலில் மூவருக்குமே பாதிக் காது போயிருந்தது. குசலம் விசாரிப்பதே சண்டை மாதிரி இருக்கும். "இன்னா மச்சான், இப்பிடி இளைச்சிக்கினு போற!" என்று ஒருவர் கத்தினால் எதிர்வீட்டுக்காரர் விலக்கிவிட ஓடிவருவார்.

அந்த பெல்ட்டில் அவர்கள் நாலு பேர். நாலாவது ஆள் என் அப்பா. நான் தவழ்ந்துகொண்டிருந்தபோதே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அம்மாவையும் என்னையும் மாமா தன் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார்.

பெல்ட் நெடுகத் தள்ளித் தள்ளி நிற்பார்களாம். கத்தினாலும் கேட்காது. அதனால் நின்ற பெல்ட்டை மறுபடி ஓட்டுமுன் ஒவ்வொருவரும் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். நாலு கையும் தெரிந்தால்தான் மாமா பொத்தானை அழுத்துவார். இந்தப் பழக்கம் சாப்பாட்டுக்கும் வந்துவிட்டது. பரிமாறியதும் கையைத் தூக்குவார்கள், மாமா "ஓட்டு!" என்ற பிறகுதான் சோற்றைத் தொடுவார்கள்.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது. விருந்தாளிகள் எழுந்த பிறகுதான் எனக்கு இலை. ஈரல் சட்டி காலியாவதைக் கதவோரம் நின்று பார்ப்பதுதான் என் பொங்கல். அந்த வருஷம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஆள் மூன்று, கை நாலு! மாமா இரண்டு கையையும் தூக்குகிறார். அட திருட்டு மாமா! ரெண்டு கைக்கு ரெண்டு பங்கு வாங்கித் தின்றால் எனக்கு எங்கே மிஞ்சும்? ஓடிப்போய் அவருடைய இடது கையில் தொங்கி அதைக் கீழே இறக்கிவிட்டேன்.

"ஒரு ஆளுக்கு ஒரு கைதான் மாமா! ஏமாத்தாத!"

யாரும் சிரிக்கவில்லை. யாரும் சோற்றில் கை வைக்கவுமில்லை. வாய்க்கு வாய் என்னைத் திட்டுகிற அம்மாகூட கரண்டியும் கையுமாக நின்றாள்.

வெள்ளிமலைக்காரர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன். "நாலு கை தெரியலியே மச்சான். எப்பிடி ஓட்டுவ?"

மாமா கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். "பாப்பா சொல்றது நாயந்தான். வா கண்ணு, இங்க குந்து. நீயே தூக்கு."

அம்மா எனக்கும் இலை போட்டாள். பெரியவர்கள் பந்தியில் முதல்முறை! சட்டையின் அக்குள் கிழிசல் தெரியுமே என்றுகூடப் பார்க்காமல் கையை உயர்த்தினேன். மாமா ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் கைக்கு வந்ததும் அவர் பார்வை அங்கேயே நின்றுவிட்டது. எனக்கோ பசி.

"ஓட்டு மாமா!" என்று நானே கத்தினேன்.

"ஓட்டு" என்றார் அவர்.

மூன்று பேரும் தங்கள் இலையிலிருந்த ஈரலை எடுத்து என் இலையில் வைத்தார்கள். திருட்டைக் கண்டுபிடித்ததற்குப் பரிசு என்று நினைத்து, ஒரு துண்டு விடாமல் தின்று தீர்த்தேன்.