பைன் காட்டில் பால் எடுத்தவன்

நான் இல்லாத குறை என் மனைவிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஐரோப்பா போனவன் நான். கேட்டவர்களிடம் வேறு காரணங்கள் சொன்னேன்: தனிமை, உடல்நலம், வானத்தின் கீழ் உறக்கம். எல்லாம் பொய். ஐம்பத்து மூன்று வயதில் லிஸ்பனிலிருந்து ஏதென்ஸ் வரை தனியாகச் சைக்கிள் மிதித்து, கண்ட காட்டில் கூடாரம் அடித்துப் படுத்தால், எங்கள் ஊர் லோபாக்கில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணிக்கு மனம் கலங்கும் என்று நம்பினேன்.

அவளையும் கூப்பிடாமல் இல்லை. "ஒங்களுக்குக் கூடாரம், எனக்கு ஏர்கோன். அவங்கவங்க இஷ்டம்லா" என்றாள், வாயில் குண்டூசியைக் கடித்தபடி.

ஆகவே விமானம் ஏறும்போதே ஒரு சபதம் எடுத்தேன். நானாகப் போன் செய்ய மாட்டேன். நாளுக்கு ஒரு படம் மட்டும் அனுப்புவேன், ஒரு வரியும் எழுதாமல். எங்கே இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா என்று அவளே கேட்கட்டும். அனுப்பினேன். ஆற்றுப்பாலம், ஆலிவ் மரம், கழுதை, நான், மறுபடியும் கழுதை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டைவிரல் பதிலாக வந்தது. கழுதைக்கு மட்டும் ஓர் இதயம்.

சைக்கிள் பயணப் புத்தகங்கள் நிறையப் படித்துவிட்டுத்தான் போனேன். மலையேற்றத்தில் மனிதன் தன்னைக் கண்டடைகிறான் என்று அவற்றில் எழுதியிருக்கும். நான் கண்டடைந்தது என் முழங்காலை. அந்தி சாயும்போது யாரும் பார்க்காமல் காட்டுக்குள் நுழைந்து, விடிந்ததும் யாரும் பார்க்காமல் வெளியே வருவதற்கு அங்கே சாகசம் என்று பெயர். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அதையே செய்தால் செம்பனைக் குலை திருட வந்தவன் என்பார்கள்.

வீட்டில் சோறு வைப்பது என் வேலை. அதனால் அங்கேயும் ஒவ்வொரு மாலையும் இரண்டு பேருக்குச் சோறு ஆகிவிட்டது. இருபத்தாறு வருடமாகப் பழகிய கை அரிசியை அப்படித்தான் அள்ளுகிறது. மீதியைக் காலையில் தண்ணீர் விட்டுத் தின்றேன். நல்ல காட்சி ஏதாவது கண்ணில் பட்டால் தலை தானாக இடப்பக்கம் திரும்பும். காரில் அவள் உட்காருவது அந்தப் பக்கம். அங்கே எப்போதும் எதிரே வருகிற ஒரு லாரிதான் இருந்தது.

பத்தொன்பதாம் நாள் ஸ்பெயினின் நடுவில் ஒரு பைன் காட்டில் தங்கினேன். காலையில் கூடாரத்தைத் திறந்தால் மரத்துக்கு மரம் பட்டை சீவியிருந்தது. ஒவ்வொரு வெட்டின் அடியிலும் ஒரு மங்கு. ரப்பர்ப் பால் வடிகிற கோப்பையை எங்கள் தோட்டங்களில் மங்கு என்போம். உள்ளே வெள்ளையாக ஏதோ இருந்தது.

சுவா என்ற ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியின் மகனாகப் பிறந்தவன் நான். கிராணி என்றால் நிழலில் உட்கார்ந்து வேலையாட்களின் பேர் எழுதுகிறவர். எங்கள் வீட்டில் யாரும் பால் வெட்டும் உளி பிடித்ததில்லை. பால்வெட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மனைவி சொன்னது. அவள் பள்ளிக்கூட நாளிலேயே தாயோடு பால் வெட்டப் போனவள். அவள் சொன்னதில் ஒன்று என் மண்டையில் நன்றாக ஏறியிருந்தது. மழை விழுந்தால் பால் போச்சு. மேகம் கருத்தால், வேலையை மேய்க்கிற மண்டோர் ஒரு சத்தம் கொடுப்பார், குடும்பமே ஓடி மங்குப் பாலை வாளியில் ஊற்றும்.

மேகம் கருத்தது. மண்டோர் இல்லை. நான் ஓடினேன்.

கையில் ஒரு தண்ணீர் வாளியும் சோற்றுச் சட்டியும் இருந்தன. முப்பது மரம் போல முடித்திருப்பேன். பால் விழ மறுத்தது, விரலால் வழித்தேன். பெயின்ட் கடை வாசனை அடித்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். மழை கொட்டத் தொடங்கியதும், ஒரு தோட்டத்தையே காப்பாற்றிய பெருமையோடு நிமிர்ந்தேன். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் மொழி எனக்குத் தெரியாது. மொழிபெயர்க்கிற கைபேசியை நீட்டினேன். அவர் அதில் பேச, அது செய்தி வாசிப்பவர் குரலில் தமிழில் கேட்டது: "உங்களை யார் வேலைக்கு வைத்தது?"

"என் மனைவி" என்றேன். வேறு பதில் தோன்றவில்லை.

அதைக் கேட்டு அவர் தலையாட்டினார்; கல்யாணமானவர் போலும். பிறகு நான் தொடாத ஒரு மங்கை எடுத்து மெல்லச் சாய்த்துக் காட்டினார். மழைத் தண்ணீர் மட்டும் மேலாக வழிந்து போனது. பைன் பிசின் அடியில் அசையாமல் கிடந்தது. வாரக்கணக்கில் அப்படியே கிடக்குமாம், மழை அதை ஒன்றும் செய்யாதாம். நான் காப்பாற்றியதைத் தன் டின்னுக்குள் வழித்துக்கொண்டார். என் கைகளைப் பார்த்துவிட்டு, கழுவ ஒரு புட்டி சமையல் எண்ணெய் கொடுத்துவிட்டுப் போனார்.

எண்ணெய்க் கையோடு சபதத்தை உடைத்தேன். லோபாக்கில் பிற்பகல் மூன்று மணி. தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"என்னங்க, ஒடம்புக்கு ஏதும்?"

"இல்ல. மழ."

"அங்க மழ பேஞ்சா இங்க எதுக்குப் போனு?"

நடந்ததைச் சொன்னேன். மிஷின் நின்றது.

"எந்தச் சட்டி?"

"சின்னது."

"காது வச்சதா? அது என்னோடதுலா." நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு, "வெட்டு எப்படி இருக்கு? சாய்வா, நேராவா?"

"நேரா மேல போகுது."

"ரொம்ப ஆழமா?"

"தெரியல."

"கிராணி வீட்டுப் புள்ளகிட்டப் போயி கேக்குறேன் பாருங்க. படம் எடுத்து அனுப்புங்க."

அவளாகப் படம் கேட்டது அதுதான் முதல் தடவை. மழையில் நின்று பதினெட்டுப் படம் அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொன்னாள். நடுவில், சாதாரணமாக, "மழச் சத்தம் கேட்டா எனக்கு இன்னும் மங்கு ஞாபகந்தான். படுக்க முடியாது, எந்திரிச்சிருவேன்" என்றாள்.

இருபத்தாறு வருடமாக மழை தொடங்கியதும் அவள் எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். சன்னல் சாத்தப் போகிறாள் என்று நினைத்துப் போர்வையை இழுத்துக்கொள்வேன். ஈரக் கூடாரத்தின் பக்கத்தில் நின்றபோது எனக்கு ஏதென்ஸ் வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டுக் கூரையில் மழை விழ வேண்டும், நானும் எழுந்து போய் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதற்கு நான் நிற்கிற இடம்தான் சரியாக இல்லை.

பார்சலோனாவோடு பயணத்தை நிறுத்திச் சைக்கிளைப் பெட்டியில் கட்டிவிட்டேன். வரும் நாளைச் சொல்லவில்லை. கதவைத் திறந்ததும் அவள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மாறத்தான் செய்தது. உனக்காகத்தான் பாதியில் திரும்பினேன் என்று, விமானத்தில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"முன்னாடியே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றாள். "நாளைக்கு நானும் தங்கச்சியும் கேமரன் மலைக்குப் போறோம். ரூம்ல ரெண்டு கட்டில்தான். ஒங்ககிட்டதான் கூடாரம் இருக்குல்ல, எடுத்துக்கிட்டு வாங்க."