கை நின்ற இடம்

மலாயாவில், கூலாய்ப் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில், ரப்பர் விலை விழுந்து வேலை பாதியாகிப் போன காலம் அது. பிற்பகல்கள் நீண்டு கிடந்தன. மரங்கள் இலை உதிர்க்கும் மாதங்களில் சிவந்த இலைகள் அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால், அந்த இலைகளின்மேல் வெறுங்காலோடு நின்று நானும் என் கணவரும் குத்துவரிசை பழகினோம்.

அவர் கப்பலேறுவதற்கு முன்பே ஊரில் பழகியவர். தனியாகக் காற்றைக் குத்திக்கொண்டிருந்தவரிடம் நானாகத்தான் போய், "எதிர்ல நிக்க ஆள் வேணாமா? நான் நிக்கிறேன்" என்றேன். சிரித்தார். ஆனால் மறுநாளே கோணிச்சாக்கில் தேங்காய் நாரைத் திணித்து மரக்கிளையில் தொங்கவிட்டார்.

"பலத்த எல்லாம் இதுமேல காட்டு புள்ள. என்மேல வர்றப்ப ஒரு விரல் இடம் விட்டு நிறுத்திடணும். நான் தொடையில தட்டுனா பாதியிலயே விட்டுடணும். நானும் அப்படித்தான்."

சாக்கைக் குத்தக் கற்றுக்கொள்வது எளிதாக இருந்தது. இடுப்பைத் திருப்பி, உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் அறைந்தால் கிளையே ஆடும். நிறுத்தத்தான் வெகுநாள் பிடித்தது. தண்ணீருக்குள் நடப்பவர்களைப் போல அத்தனை மெதுவாகச் செய்வோம். என் கை அவர் விலாவை நோக்கிப் போகும். அவர் கை இறங்கி என் மணிக்கட்டைத் தட்டிவிடும். மறுபடி போகும், மறுபடி இறங்கும். சில நாள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதுபோல இருக்கும் எனக்கு.

ஒருமுறை அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கொய்னா மருந்தின் கசப்பில் முகம் சுருங்கிக் கிடந்தவர், எழுந்து நடமாடத் தொடங்கியதும் கூப்பிட்டார்.

"காய்ச்சல் போயிடுச்சு. வா, கொஞ்ச நேரம் பழகலாம்."

அன்று வெயில் மஞ்சளாக, மங்கலாக இருந்தது. சற்று வேகமாகத்தான் செய்தோம். என் வலது கை அவருடைய இடது விலாவுக்குக் கீழ்ப்பக்கத்தை நோக்கிக் கிளம்பியது. தட்டிவிட அவர் கை வரவேயில்லை. அவர் கண் என் தோளுக்கு மேலே, விழுந்துகொண்டிருந்த ஓர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கை அவர் சட்டையைத் தொட்டு அப்படியே நின்றது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார், தூக்கத்தில் கேட்பதுபோல.

"உங்க கை வரலீங்க."

அவர் மெல்லக் கீழே உட்கார்ந்தார். "இந்தப் பக்கம் என்னமோ கனமா இருக்கு புள்ள" என்று என் கையை எடுத்து வயிற்றின் இடப்பக்கம் வைத்தார். தோலுக்கு அடியில், இருக்கக் கூடாத ஏதோ ஒன்று கெட்டியாக இருந்தது. கைத்தாங்கலாகத் தோட்ட ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"கீழ எங்கயாவது விழுந்தானா? யாராச்சும் அடிச்சாங்களா?"

"யாரும் அடிக்கலீங்க ஐயா. நான்தான் அடிக்கப் போனேன். நிறுத்திட்டேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். காய்ச்சலில் மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றார். "இந்த இடத்துல ஒரு அடி விழுந்திருந்தா உள்ளுக்குள்ளயே ஒடஞ்சி ரத்தம் கொட்டியிருக்கும்மா. ஆள் பொழைச்சிருக்க மாட்டான்."

அவரை அங்கேயே படுக்க வைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் திரும்பி வரும்போது வலது கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு நடந்தேன். யாருடைய கையோ என்னிடம் வந்து தங்கியிருப்பதுபோல் இருந்தது. பல நாள் சாக்குப் பக்கமே போகவில்லை. கனவில் இலைகள் விழும். என் கை மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அவர்தான் ஒரு நாள் கேட்டார். "கை எப்படிப் புள்ள நின்னுச்சு?"

"தெரியலீங்க. உங்க மூஞ்சியப் பாத்தேன். நின்னுடுச்சு."

"அது போதும். அத விட்டுடாத."

வீக்கம் முழுவதும் வடியும்வரை யாரும் அவரைத் தொட்டுப் பழகக் கூடாது என்று டிரெஸ்ஸர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தபின் இரண்டு கை தூரத்தில் விலகி நின்று, ஒருவரையொருவர் தொடாமல், காற்றில் மட்டும் பழகினோம். மரங்களில் புதுத் தளிர் வந்து வெளிச்சமே பச்சையாகிவிட்டிருந்தது. அந்தப் பச்சைக்குள் அவர் கையை ஓங்குவார், நான் தூரத்தில் இருந்தே தட்டிவிடுவேன். எங்கள் வாழ்க்கையில் அதைப்போல அமைதியான நாட்கள் பிறகு வந்ததாக நினைவில்லை.

டிரெஸ்ஸர் சரி என்று சொன்ன மாலையில் மறுபடி கிட்டே நின்றோம். அவர் தயாராகக் கையை உயர்த்தினார். நான் உயர்த்தவில்லை.

"காய்ச்சல் இருக்கா? உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"சட்டையத் தூக்குங்க. நான் தொட்டுப் பாத்துக்கிறேன்."

முனகிக்கொண்டே தூக்கினார். வயிறு மெத்தென்று இருந்தது. அதன் பிறகுதான் கால் மாற்றி நின்று கையை உயர்த்தினேன்.