இசக்கிதுரை கட்டிய தார்ப்பாய்

பக்கத்து வீட்டு சாயிராவுக்கு இசக்கிதுரை ஆயிரத்து எண்ணூறு ரூபாய் தரவேண்டியிருந்தது. போன மழைக்கு இரண்டு வீட்டுக் கூரைக்கும் சேர்த்து அவள் ஒரே நீளத் தார்ப்பாயாக வாங்கிப் போட்டாள். அதில் அவர் பங்கு அது. "என்னைக் கேட்டா வாங்கினா?" என்று அவர் தரவில்லை. ஆனால் நாலு மாசமும் அந்தப் பாய்க்கு அடியில் சொட்டு நனையாமல் தூங்கினார்.

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தாராவிக்கு வந்தவர். தலையில் முறுக்குக் கூடை சுமந்தவர், இன்றைக்கு முலுண்ட் வரைக்கும் கடைகளுக்குச் சரக்கு போடுகிறார். படித்தவனெல்லாம் ஆபீஸில் லீவு கேட்டு நிற்கிறான். இவரிடம் ஆறு பேர் லீவு கேட்டு நிற்கிறார்கள். அப்பேர்ப்பட்டவர் ஒரு பாய்க்காக யார் வாசலில் போய் நிற்பார்?

இந்த வருஷம் மழைக்கு முன்னாடியே, கடையில் இருந்ததிலேயே தடிமனான பாயை வாங்கிவிட்டார். கட்ட வந்த பேச்சிராஜா ஏணியில் நின்றபடி சொன்னான்: "அண்ணாச்சி, சாயிராக்கா வீட்டுத் தகரம் நம்ம பக்கமாச் சரியுது. பாய் ஓரத்தை அந்தத் தகரத்துக்கு அடியில சொருகணும். அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

"எங் கூரையைக் கட்ட அடுத்த வீட்டுல உத்தரவு வாங்கணுமோ? ஓரத்துல செங்கலை வச்சு அமுக்குலே."

அமுக்கினான். அன்றைக்கு மத்தியானமே வானம் கொட்டியது. சாயிரா வீட்டுத் தகரத்தில் விழுந்த தண்ணீரெல்லாம் சரிந்துவந்து, புதுப் பாய்க்கு அடியில் புகுந்து, அரிசிமாவு மூட்டை அடுக்கியிருந்த சுவரில் இறங்கியது. மனைவி விஜயராணி மூட்டைகளைக் கட்டில்மேல் இழுத்துப் போட்டாள்.

"கட்டில் நிறைஞ்சுபோச்சு, பாதி மூட்டை இன்னும் தரையில கெடக்கு. மாவு போச்சுன்னா திரும்பக் கூடையத் தூக்க வேண்டியதுதான். வீராப்பா, மாவா? சொல்லுங்க."

இசக்கிதுரை சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து வாசலுக்குப் போனார்.

"வாங்க அண்ணாச்சி," என்றாள் சாயிரா. "புதுப் பாய் ஜோரா இருக்கு. தண்ணி உள்ள வந்தாத்தான் நீங்க வெளிய வருவீங்களோ?"

"ஒந் தகரத்தைக் கொஞ்சம் நெம்பிக்கிடட்டா தாயி?"

"நெம்பிக்கிடுங்க. போன மழையை முடிச்சுட்டு இந்த மழைக்கு வாங்க."

மழைக்கு ஒதுங்கி நின்ற பேச்சிராஜாவை அவர் மேலே ஏறச் சொன்னார். "இசக்கிதுரை எவருக்கும் பாக்கி வைக்கிறவன் இல்ல," என்று சொல்லிக்கொண்டே சட்டைப்பைக்குள் இருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்தார்.

"தெரியாதா அண்ணாச்சி. ஒரு வருஷந்தான லேட்டு," என்று அவள் கையை நீட்டினாள்.

மேலே தகரம் கிறீச்சிட்டது. மூன்று ஐந்நூறு, மூன்று நூறு. ஈரவிரலில் ஒட்டிய நோட்டுகளைப் பிரித்துப் பிரித்து, அவர் ஒவ்வொன்றாக எண்ணி அவள் உள்ளங்கையில் வைத்தார்.