தெரேஸ் அம்மா மாற்றவிடாத எலிகள்

தவளக்குப்பத்தில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது செல் அடித்தது. லேபில் கூட வேலை பார்த்த சுந்தரி. "அண்ணே, தெரேஸ் டாக்டரம்மா போயிட்டாங்க. லாஸ்பேட்டை வூட்லதான் வச்சிருக்காங்க." காயை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அம்மாவோடு வேலை பார்த்த நீங்களும் வந்திருந்தீர்கள். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

லேபுக்காக எலி வளர்க்கிற அனிமல் ஹவுஸில் தீனி போட்டவன் நான். ஆராய்ச்சிக்காக, புற்றை வரவைக்கும் ஒரு மருந்தை வாரா வாரம் எலிகளுக்கு ஊசியில் ஏற்றுவார்கள். சில மாதத்தில் பெருங்குடலில் புற்றுக்கட்டி வரும், மலத்தோடு ரத்தம் போகும். அறுக்கும் நாளில் சின்ன டாக்டர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். அம்மா குடலை நீளவாக்கில் கீறி, பீயைத் தானே அலசிக் கட்டியைப் பார்ப்பார். ஒருநாள் நான் முகம் சுளித்தேன். "நாத்தம் எலியோடது இல்லய்யா மாணிக்கம், நாம போட்ட ஊசியோடது" என்றார்.

பிறகு ஒரு கம்பெனிக்காரன் மூலிகைப் பவுடர் கொண்டுவந்தான். தின்றால் குடல்புற்று வராதாம். ஊசி போட்ட எலிகளில் பாதிக்கு அதைத் தீனியில் கலந்து கொடுத்தோம். பவுடர் தின்றவற்றில் முதலில் அறுத்துப் பார்த்த எலிகளில் எல்லாம் கட்டி. அதுவரை என்னைத் தொட்டறியாத பெரிய டாக்டர், எங்கள் டிபார்ட்மெண்டுக்கே தலைவர், என் தோளில் கை போட்டார்.

"ஊசி போடாத எலிங்க இருக்குதில்ல? அதுங்க முதுகுல, பவுடர் எலிக்கு வச்ச மாதிரியே மஞ்சள் சாயம் வச்சு பவுடர் கூண்டுல போட்டுடு. யாருக்குத் தெரியப்போவுது?"

எந்த எலி எது என்பதற்கு அந்தச் சாயக்குறி ஒன்றுதான் அடையாளம்.

பின்னால் நின்ற அம்மா, "எனக்குத் தெரிஞ்சுபோச்சே சார்" என்றார்.

"எலிக்குப் போயி இவ்ளோ பாக்குறியே தெரேஸ்!"

"வாங்கித் தின்னப்போறது எலி இல்ல சார், மனுசன். ரத்தமாப் போனாலும் ஆஸ்பத்திரிக்கு வராம, இதக் கலக்கிக் குடிச்சிக்கினு வூட்லயே கெடப்பான். மாத்துனா ரிப்போர்ட்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

எலி மாறவில்லை. பவுடர் கடைக்கு வரவில்லை. அம்மாவுக்குப் பதவி உயர்வும் வரவில்லை. ரிட்டையர் ஆகும்வரை ஒரு மூலை அறையில் உட்காரவைத்தார்கள்.

அந்தப் பெரிய டாக்டர்தான் அன்று சாவு வீட்டுக்கு ரோஜா மாலையோடு வந்தார். "எங்க டிபார்ட்மெண்டோட மனசாட்சி" என்று தழுதழுத்தார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. என்னைப் பார்த்துவிட்டு, "நாங்க எவ்ளோ ஒத்துமையா இருந்தோம், நீயே சொல்லு மாணிக்கம்" என்றார்.

"எலிய மாத்தச் சொன்னீங்க, அம்மா வுடல. அதச் சொல்லட்டா சார்?"

அவர் காரைத் தேடிப் போய்விட்டார். சாவு வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று உங்களில் சிலர் என்னைக் கடிந்துகொண்டீர்கள். அம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, பொய்யைக் கண்டால் வருகிற இந்தக் குமட்டல்தான். அதை யாருக்காகவும் விழுங்க மாட்டேன்.