மிளகு துள்ளும் ஹெட்போன்

என் எழுத்து ஒரு பக்கமாகச் சாயும். வரி போகப் போக மேலே ஏறிவிடும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்ததோடு சரி. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஸ்பீக்கர் பெட்டிகளின் மேல் சாக்பீஸால் எழுதிய இடது, வலது மட்டும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாம் என்றால் எதிரில் இருப்பவர் திருப்பி ஏதாவது கேட்பார். அது என் காதில் விழாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஏற்காட்டில் ஒரு மைக் செட்டில் பல வருடங்கள் வேலை செய்தேன். சர்ச் திருவிழா, காதுகுத்து, கல்யாணம், மலைக் கிராமத்து அம்மன் பண்டிகை என்று எல்லாவற்றுக்கும் ஜீப்பில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு போவோம். மஞ்சக்குட்டைப் பக்கத்து வளைவுகளில் பெட்டி சரியாமல் அதன்மேல் படுத்துக்கொண்டு போவது என் பொறுப்பு. போய்ச் சேர்ந்த இடத்தில் மற்றவர்கள் பந்தலில் நின்று ஊர்க்காரர்களோடு பேசிச் சிரிப்பார்கள். எனக்கு அது வராது. யாராவது சாப்பிட்டீங்களா என்று கேட்டாலே கழுத்தில் வியர்த்துவிடும். அதனால் பெட்டிகள் அடுக்கியிருக்கும் இடத்தில், அவற்றை ஒட்டியே உட்கார்ந்துகொள்வேன். அங்கே யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் பேச முடியாது. கூச்சத்துக்கு அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. பேஸ், அதாவது தவில் மாதிரி கனமான அடிச்சத்தம், சரியாக வருகிறதா என்று நாங்கள் காதால் பார்ப்பதில்லை. பெட்டியை மல்லாத்தி, ஸ்பீக்கரின் கூம்புக்குள் சில மிளகுகளைப் போட்டுப் பாட்டை வைப்போம். எஸ்டேட் களத்தில் மிளகைத் தூற்றும்போது உள்ளே ஒன்றுமில்லாமல் பறந்து விழுமே, அந்தப் பொக்கு மிளகு. தவில் அடிக்கு மிளகு நேராக மேலே துள்ளினால் பெட்டி நல்ல பெட்டி. ஓரமாக ஓடி ஒதுங்கினால் எங்கோ காற்று கசிகிறது. என் சட்டைப் பையில் எப்போதும் மிளகு இருக்கும். துவைக்கும்போதெல்லாம் என் மனைவி அதைப் பொறுக்கி எடுத்து ஜன்னலில் வைப்பாள்.

காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் சில்வண்டுகள் நின்றன. மழை குறைந்ததால் பூச்சியும் குறைந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு குக்கர் விசில் போனது. பிறகு சின்னப் பிள்ளைகளின் பேச்சு, அதன் பிறகு பெண்களின் பேச்சு. பஸ் எஞ்சின் கேட்டது, இடி கேட்டது. சேலத்தில் டாக்டர் ஒரு அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்துவிட்டு, என் மனைவியிடம் சொன்னாராம்: "கனமான சத்தம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்குதுங்கம்மா. அதுவும் போகப் போகக் குறையும்." காது மெஷின் மாட்டிப் பார்த்தார்கள். இரைச்சல் பெரிதானது, வார்த்தை பெரிதாகவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். தூரத்தில் ஒரு நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகு போன் செய்வாள். எங்கள் சரிவில் சிக்னல் சரியாக இருக்காது. வீடியோவில் அவள் படம் வந்தாலும் நின்று நின்று வரும், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது. அவள் சொல்வதை என் மனைவி கேட்டு, என் காதருகே வந்து கத்துவாள். எனக்கு வருவது செய்தி. மகளின் குரல் வருவதில்லை. மிச்சமிருக்கும் சத்தமும் போவதற்குள் அந்தக் குரலை நானே கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. மகள்தான் எழுதி அனுப்பினாள்: அப்பா, நல்ல ஹெட்போன் வாங்கிப் பாருங்கப்பா.

நான் யோசித்தேன். பூசாரியின் குரல் ஒல்லியாக இருந்தால் நாங்கள் பேஸ் திருகை ஏற்றுவோம், குரல் சதை பிடித்துவிடும். என் காதில் பேஸ் மட்டும்தான் மிச்சம். அப்படியானால் பேஸ் அதிகமாக இருக்கிற ஹெட்போனில் மகளின் குரலும் கனத்து, உள்ளே வந்துவிட வேண்டும். பெட்டி தூக்கியவனுக்கு இது சரியாகத்தான் பட்டது.

நானும் என் மனைவியும் பஸ்ஸில் அடிவாரம் வழியாகச் சேலம் போனோம். கடையில் பேசியதில் பாதியை என் மனைவி பிறகு சொல்லித்தான் அறிந்தேன். கடைக்காரர் தாடி வைத்தவர், குரல் தடிமன். அவர் பேசியது எனக்கே கொஞ்சம் கேட்டது.

"பாட்டுக்குங்களா, பேசுறதுக்குங்களாண்ணா?"

"பேஸ் நல்லா இருக்கோணும்," என்றேன். அதைச் சொல்வதற்குள் எனக்கு முகம் சூடாகிவிட்டது. சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, கடையில் எல்லோரும் திரும்பினார்கள்.

பேஸ் பிடித்தவர்கள் ஹெட்போன் வாங்கப் போனால் விளம்பரத்தைப் பார்க்க வேண்டாம் என்பேன். காதுக்குள் செருகும் சின்னதை ஒதுக்கினேன். காதின்மேல் சும்மா உட்காருவதும் வேண்டாம், சுற்றிலும் காற்று போய்விடும். காதை முழுக்க மூடுகிற பெரிய மூடி வேண்டும், மெத்தை மெதுமெதுவென்று கன்னத்தில் ஒட்ட வேண்டும். கண்ணாடி போட்டிருந்தால் அதன் கால் மெத்தையைத் தூக்கும், அந்தச் சந்திலேயே பேஸ் ஓடிவிடும். நான் கண்ணாடியைக் கழற்றி என் மனைவியிடம் கொடுத்தேன். மூடியின் முதுகு அடைத்து இருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்தேன். அப்புறம் பையிலிருந்து மிளகை எடுத்தேன்.

"அண்ணா, அது என்னங்க?"

"மொளகுங்க தம்பி," என்றாள் என் மனைவி. "அவரு போட்டுப் பாக்காம எதையும் வாங்க மாட்டாருங்க. என்னையத்தான் போட்டுப் பாக்காம கட்டிக்கிட்டாரு."

கடைக்காரர் சிரித்ததை நான் பார்த்தேன். ஆனாலும் தடுக்கவில்லை. ஒவ்வொன்றாகப் போனில் மாட்டி, சத்தத்தை முழுக்க வைத்துத் தவில் பாட்டைப் போட்டார். மூடிக்குள் இருந்த துணியில் மிளகை வைத்தேன். சிலவற்றில் அது செத்தது போல் கிடந்தது. ஒன்றில் நடுங்கியது. கறுப்பாக, கனமாக இருந்த ஒன்றில் துள்ளியது. கொஞ்சமாகத்தான், ஆனால் நேராக.

"இதுங்க," என்றேன்.

"பாட்டுக்குன்னா இது ராஜாங்ணா. பேச்சுக்குன்னா வேணாங்க, எல்லாம் அமுங்கிப் போயிரும்." இதை அவர் என் மனைவியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அவள் என்னைப் பார்த்தாள். நான் மிளகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது குப்பனூர் வழி பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டி ஒரு பழைய பாட்டை வைத்தேன். தவில் வந்தது. காதில் மட்டுமல்ல, தாடை எலும்பிலும் வந்தது. பாடுகிறவரின் குரல் இல்லை, நாதஸ்வரம் இல்லை, தாளம் மட்டும். ஆனால் அந்தப் பாட்டு எனக்குத் தெரியும், இல்லாததை நானே போட்டுக்கொண்டேன். "நொம்ப நல்லாருக்குது புள்ள!" என்று கத்திவிட்டேன். பஸ் முழுக்கத் திரும்பியது. என் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்த ஒரு பயணம் நன்றாக இருந்தது.

ஞாயிறு வந்தது. கண்ணாடியைக் கழற்றி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, போன் அடிக்கும் முன்பே உட்கார்ந்திருந்தேன். மகள் பேசினாள். பக்கத்து வளைவில் லாரி ஏறுவது போல ஒரு உறுமல் வந்தது. அது ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது. அதற்குள் எங்கோ என் மகள் இருந்தாள். பாட்டில் செய்தது போல இல்லாததைப் போட்டுக்கொள்ள நினைத்தேன். அவளுடைய குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. பாட்டுகள் ஞாபகம் இருக்கின்றன, அது இல்லை.

"கேக்குதுங்களா?" என்று என் மனைவி கையால் கேட்டாள்.

"கேக்குது கண்ணு, நல்லாக் கேக்குது," என்று போனைப் பார்த்துச் சொன்னேன். படத்தில் மகள் கையைத் தட்டினாள்.

மறுநாளே சேலம் போனோம். கடைக்காரர் கோபப்படவில்லை. பேச்சுக்கென்றே இருக்கும் மெலிதான ஒன்றைக் கொண்டுவந்து என் தலையில் மாட்டி, போனில் யாரோ ஒரு பெண் செய்தி வாசிப்பதை வைத்தார். நான் காத்திருந்தேன். அவர் சத்தத்தை ஏற்றினார். "போட்டாச்சுங்களா?" என்று கேட்டேன். என் மனைவி அதைக் கழற்றித் தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, சட்டென்று தள்ளிப் பிடித்தாள். அத்தனை சத்தம். குரல் தெளிவாக இருக்கும் இடம் எதுவோ, அந்த இடம்தான் என் காதில் இல்லை.

"வேற ஏதாச்சும் இருக்குதுங்களா சாமி?" என்றாள்.

கடைக்காரர் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார். மாலை வரை மாட்டிக் கழற்றினோம். இரண்டு வகைதான். ஒன்றில் உறுமல், மற்றதில் ஒன்றுமில்லை. உறுமலையே திரும்ப எடுத்துக்கொண்டு வந்தோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதை மாட்டிக்கொண்டு உட்காருகிறேன். அப்பாவுக்குக் கேட்கிறது என்று மகள் மருத்துவமனையில் கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாளாம். உறுமலும் வாரத்துக்கு வாரம் தள்ளிப் போகிறது. லாரி மலையின் அந்தப் பக்கம் இறங்குகிறது.

இன்றைக்கு நான் அதைக் காதில் மாட்டவில்லை. மடியில் மல்லாத்தி வைத்து, ஜன்னலில் இருந்த மிளகில் லேசானதாகப் பார்த்து, மூடிக்கு ஒன்றாகப் போட்டேன். போனில் ஒயரைச் செருகினேன். சத்தத்தை முழுக்க வைத்தேன்.

"ஏனுங்க, புள்ள பேசறா. காதுல மாட்டாம மடியில வெச்சு என்ன பாக்கறீங்க?" என் மனைவியின் உதடு எனக்குப் பழக்கம், அவள் சொல்வதை மட்டும் பார்த்தே புரிந்துகொள்வேன்.

படத்தில் மகளின் வாய் அசைந்தது. சிரித்தாள், தலைமுடியை ஒதுக்கினாள், மறுபடி பேசினாள். என் மூச்சு படக்கூடாது என்று முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு பார்த்தேன். மிளகு அசையவில்லை.

என் மனைவியும் குனிந்து மிளகைப் பார்த்தாள். பிறகு ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டாள். "கேக்குதாம் கண்ணு," என்று அவள் உதடு சொன்னது. "அப்பாவுக்கு நல்லாக் கேக்குதாம்."

நான் மிளகைப் பொறுக்கி மறுபடி ஜன்னலில் வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இன்று நவம்பர் இருபத்து மூன்று, ஞாயிற்றுக்கிழமை.